ஆற்றில் ஒரே கம்பெனி

பதினொரு மணிக்கு அக்கரையில் நகரசபைக் கூட்டம். ஆற்றில் இரண்டாவதாக ஒரு படகு கம்பெனியை அனுமதிக்கலாமா என்று, கூட்டம் தொடங்கியதுமே ஓட்டெடுப்பு. என்னையும் சேர்த்து மொத்தம் ஐந்து உறுப்பினர்கள். அதில் இரண்டு பேர், இப்போதிருக்கும் கம்பெனி சொன்னால் பகலை இரவென்று சாதிப்பார்கள். நான் போகாவிட்டால் இரண்டுக்கு இரண்டு, தீர்மானம் குப்பைக்கு.

அக்கரைக்குப் போக இருப்பதோ அந்தக் கம்பெனியின் படகுதான். மற்ற மூன்று படகுக்காரர்களையும் விலைக்கு வாங்கி, படகுகளை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுத் தனிக்காட்டு ராஜாவாகிவிட்டது. கட்டணம் ஏறியதைத் தட்டிக்கேட்ட காய்கறிக் கடைக்காரரின் சரக்கு மட்டும் ஒரு வாரம் ஏற்றப்படாமல் கரையிலேயே அழுகியது. அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை.

படகை ஓட்டுபவன் என் தம்பி. வீட்டில் அவனைக் 'கேப்டன்' என்று கிண்டல் செய்வோம். எப்போதும் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துத் தருபவன், அன்று என் முகத்தையே பார்க்கவில்லை.

நடு ஆற்றில் இன்ஜின் நின்றது. கோளாறு என்று சொல்லி நங்கூரம் போட்டான். மணி பத்தரை. நீந்திப் போகலாமென்றால் எனக்கு வாளித் தண்ணீரைக் கண்டாலே பயம். கரையோ கண்ணுக்கெட்டிய தூரத்தில், சபைக் கட்டடத்தின் படிகள்கூடத் தெரிந்தன.

பத்து ஐம்பதுக்குப் பொறுமையிழந்து ஓட்டுநர் அறைக்குள் நுழைந்தேன். இன்ஜின் மூடியைக்கூடத் திறக்காமல், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாருடா நிறுத்தச் சொன்னது?"

எதிரே கிடந்த போனைப் பார்த்தான். பிறகு மென்று விழுங்கிச் சொன்னான். பதினொன்றுக்கு முன்னால் நான் கரையேறினால் அவனுக்கு வேலை இல்லையாம். படகைத் தவிர அவனுக்கு வேறு தொழில் தெரியாது. மனைவிக்கு இது ஏழாவது மாதம்.

"இன்னொரு கம்பெனி இருந்திருந்தா, இவனுங்க மூஞ்சில சாவிய விட்டெறிஞ்சிட்டு அங்க போய் சேர்ந்திருப்பேன்க்கா."

"அதுக்குத்தாண்டா நான் போறேன்."

அவன் கண் கலங்கிவிட்டது. சாவியைத் துவாரம்வரை கொண்டுபோனான். திரும்ப மடியிலேயே வைத்துக்கொண்டான். தம்பியென்றும் பாராமல் அவனை ஆற்றில் தள்ளிவிடலாம் போலிருந்தது. அவன் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கவே பயமாகவும் இருந்தது.

பதினொன்று ஐந்துக்குப் போன் அடித்தது.

"சரியாயிடுச்சு சார்" என்றான். முதல் திருப்பிலேயே இன்ஜின் கிளம்பியது.