சாட்டின் துணியில் விழுந்த தார்

தன் கண் போய்க்கொண்டிருக்கிறது என்று லூர்துசெல்வி நம்பினாள். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

நெல்லித்தோப்பில் அவர்கள் குடியிருந்த வீட்டின் நடு அறைக்கு ஜன்னல் கிடையாது. தையல் மெஷின் அங்கேதான் கிடந்தது. பகலிலும் டியூப்லைட் போட்டால்தான் ஊசியில் நூல் கோர்க்க முடியும். அந்த வருஷம் மாசி மாதம், பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தவள் தற்செயலாக மெஷினின் கைச்சக்கரத்தைப் பார்த்தாள். அது நின்றிருந்தது. கால் மிதித்துக்கொண்டிருக்கிறது, ஊசி ஏறி இறங்குகிறது, துணி நகர்கிறது, சக்கரம் மட்டும் அசையாமல் நிற்கிறது. மிதியைக் கொஞ்சம் தளர்த்தினாள். சக்கரம் மெதுவாகப் பின்பக்கம் சுற்ற ஆரம்பித்தது.

மெஷினை அப்படியே விட்டுவிட்டுப் போய் முகம் கழுவினாள். திரும்பி வந்து மிதித்தாள். மறுபடியும் அதேதான்.

அன்றிலிருந்து தலைவலி. நேராக அடித்த தையல் கோணலாகத் தெரிந்தது, கோணல் நேராகத் தெரிந்தது. துணியின் கோடுகள் நடுங்கின. அவளுடைய அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்று அம்மா சொன்னபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருஷத்துக்குள் அம்மா சுவரைத் தடவித் தடவி நடந்தாள். லூர்துசெல்விக்கு இப்போது அந்த வயசு.

கொல்லைப்பக்கம் நின்று ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கோயில் கோபுரத்துச் சிலுவையைப் பார்ப்பாள். தெரியும். மறு கண்ணைப் பொத்துவாள். அதுவும் தெரியும். உள்ளே வந்து மெஷினில் உட்கார்ந்தால் அந்த நிம்மதி போய்விடும். ஆஸ்பத்திரிக்குப் போகலாமென்று கிளம்பிய இரண்டு தடவையும் வேறு வேலையைச் சாக்கு வைத்து நின்றுவிட்டாள். டாக்டர் வாயால் சொல்லிவிட்டால் அப்புறம் அது நிஜமாகிவிடுமே என்ற பயம்.

ஈஸ்டர் முடிந்ததும், வழக்கமாகத் தைக்கக் கொடுக்கும் பெர்னதெத் துய்மா வீதியிலிருந்து வந்தாள். அவள் மகள் முதல் தடவையாக நற்கருணை வாங்கப்போகும் புதுநன்மை நாள் நெருங்கியது; அதற்குக் கவுன் தைக்க வேண்டும். பாரிஸில் இருக்கும் அண்ணன் அனுப்பிய வெள்ளைச் சாட்டின் துணியைக் காகிதத்தோடு மடியில் வைத்து எடுத்து வந்திருந்தாள்.

"இத வேற யாருகிட்டயும் குடுக்க மனசு வரல செல்வி. நல்லா பாத்துக்க, இதுமாரி துணி இங்க எங்கயும் கெடைக்காது."

முடியாது என்று சொல்லத்தான் லூர்துசெல்வி வாயைத் திறந்தாள். "வெச்சிட்டுப் போங்க மதாம்" என்றுதான் வந்தது.

வெட்டி முடித்து, பாவாடைப் பாகத்தை மெஷின்மேல் விரித்து வைத்திருந்த சாயங்காலம், துணியின் நடுவில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. கண்ணைக் கசக்கினாள். அது போகவில்லை. இதோ, பார்வையில் கறுப்புப் புள்ளி விழவும் ஆரம்பித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். விரலால் தொட்டாள். பிசுபிசுவென்று ஒட்டியது. தார் வாசனை அடித்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொரு சொட்டு விழுந்தது.

அவள் போட்ட கூச்சலில், மில்லிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த புருஷன் சகாயநாதன் ஓடி வந்தான். துணியைச் சட்டென்று இழுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு மேலே பார்த்தான். டியூப்லைட் பட்டியின் ஓரத்தில் கறுப்பாக ஒரு துளி திரண்டு தொங்கியது.

"லைட்டு சோக்கு சூடாயி அதுக்குள்ள இருக்கற தாரு உருகுது. நல்லவேள, பத்திக்கல."

"பாரிஸு துணிங்க" என்றாள். கறையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

சகாயநாதன் சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தான். நேரு வீதியில் கடை சாத்துவதற்குள் போய்ப் பட்டியும் சோக்கும் சேர்ந்த புதுச் செட்டும் புது டியூப்பும் வாங்கி வந்தான். டியூப்பைத் துண்டில் சுற்றிக் கைக்குழந்தையைப் போலத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒற்றைக் கையால் சைக்கிள் ஓட்டி வந்திருக்கிறான்.

ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முக்காலிமேல் ஏறினான். வீடு இருண்டது. லூர்துசெல்வி கீழே நின்று டார்ச் அடித்தாள். துருப்பிடித்த திருகுகள் லேசில் அசையவில்லை. கடைசித் திருகு கழன்றபோது கூரையிலிருந்து ஒரு கை காரையும் சேர்ந்து அவன் தலையில் கொட்டியது.

"நேரா புடி செல்வி. திருகு தெரியல."

"இப்ப தெரியுதா?"

பழைய பட்டியை அவன் இறக்கிக் கொடுத்தான். டியூப்பின் இரண்டு முனையும் கரியாகக் கறுத்திருந்தன. திருகு பிடிக்கக் கூரைத் துளையில் புது மரக்கட்டை அடித்து, புதுப் பட்டியைத் திருகி, ஒயர்களை முறுக்கி டேப் சுற்றினான். ஃபியூஸைப் போட்டுவிட்டு வந்து சுவிட்சைத் தட்டினான்.

இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டு விளக்கு எரிந்தது. எரிந்தது எரிந்தபடியே நின்றது. அறை முழுக்க வெளுப்பாக, ஆடாத வெளிச்சம். பழைய விளக்கு எவ்வளவு துடித்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

லூர்துசெல்வி மெஷினில் போய் உட்கார்ந்தாள். ஒரு துண்டுத் துணியை வைத்து மிதித்தாள். கைச்சக்கரம் முன்பக்கமாகச் சுற்றியது. வேகமாக மிதித்தாள். சக்கரம் கலங்கி முன்பக்கமாகவே ஓடியது. நிறுத்தினாள், மிதித்தாள், நிறுத்தினாள். பிறகு மெஷின் பலகைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

"துணிக்காவா அழுவற? மதாம்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

அவள் இல்லை என்று தலையாட்டினாள். நின்றுபோன சக்கரத்தை, அம்மாவை, கோபுரத்துச் சிலுவையை, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நின்றதை எல்லாம் சொன்னாள். சகாயநாதன் சிரிக்கவில்லை. தலையில் காரைத் தூளோடு தரையில் அவள் எதிரே உட்கார்ந்தான்.

"லைட்டு துடிச்சா ஓடற சக்கரம் நின்னாப்புல தெரியும். மில்லுல நூலு சுத்தற கதிருங்க அப்பிடித்தான் தெரியும். நின்னுடுச்சின்னு கைய வெச்சிடாதடான்னு சேந்த அன்னிக்கே மேஸ்திரி சொல்லிட்டாரு. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்குமே. நான் என்னா மூணாவது மனுசனா?"

"நீங்களும் பயந்துடுவீங்கன்னு..."

"பயந்துட்டுப் போறேன். சேந்து பயப்படறதுக்குத்தான இருக்கறேன்."

ஆனாலும் மறுநாள் அவன் விடவில்லை. மில்லுக்கு லீவு சொல்லிவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அம்மாவின் கதையைக் கேட்ட டாக்டரம்மா இரண்டு கண்ணையும் நிதானமாகச் சோதித்தாள்.

"கண்ணுக்குள்ள அழுத்தமெல்லாம் சரியா இருக்கு. அம்மாவுக்கு இருந்ததால வருஷா வருஷம் வந்து காட்டிக்குங்க. கிட்டப் பாக்கறதுக்குக் கண்ணாடி மட்டும் போடணும். இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்."

"கண்ணாடி போட்டாப் போதுமா? அவ்ளோதானா?" என்று லூர்துசெல்வி திரும்பத் திரும்பக் கேட்டாள். டாக்டரம்மாவே சிரித்துவிட்டாள்.

சொட்டு மருந்து விட்டதால் அன்று ஊசி பிடிக்க முடியவில்லை. பட்டப்பகலில் பாயை விரித்துப் படுத்தவள், சகாயநாதன் சங்கரா மீன் குழம்பு வைத்துவிட்டு எழுப்பும்வரை அசையாமல் தூங்கினாள்.

கண்ணாடி வந்த அன்று சாட்டினைக் கையில் எடுத்தாள். தாரை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தும் லேசான பழுப்பு நிற்கத்தான் செய்தது. பாவாடைப் பாகத்தை விரித்து, கறை விழுந்த இடம் உள்ளே போகிற மாதிரி முன்பக்கம் இரண்டு ஆழமான மடிப்பு வைத்தாள். இடுப்புச் சுற்றளவுக்குக் குறைந்த துணியை, கவுனுக்குக் கை வெட்டியதில் மிஞ்சிய துண்டிலிருந்து எடுத்துச் சேர்த்துத் தைத்தாள்.

பெர்னதெத் மகளோடு வந்தபோது மறைக்காமல் மடிப்பைப் பிரித்துக் காட்டினாள். பெர்னதெத் கறையை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டுக் கவுனைப் போட்டுவிட்டு, இரண்டு எட்டு பின்னால் தள்ளி நின்றாள்.

"மடிப்பு வெச்சதுதான் எடுப்பா இருக்கு. கற நமக்கு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சாப் போதும்" என்றாள்.

சின்னப் பெண் கவுனோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். மடிப்புகள் விரிந்து, திரும்ப ஒழுங்காக வந்து படிந்தன.