ஏழு புரோகிதர்களின் பட்டினி

விதஸ்தை நதிக்கரை அரண்மனை வாசலில் ஏழு புரோகிதர்கள் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். சாகும்வரை பட்டினியாம். காஷ்மீரத்தில் அரசைப் பணியவைக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஒரு புரோகிதர் செத்தால் போதும், பிரம்மஹத்தி நேராகச் சிம்மாசனத்தில் ஏறிக்கொள்ளும்.

சிம்மாசனத்தில் இருந்ததோ ஆறு வயதுப் பொடியன். அவனுக்காக நாட்டை ஆண்டவள் அவனைப் பெற்றவள், விதவை ராணி ஸில்லா. அவள் விலகி, கொழுந்தன் போகடனிடம் ஆட்சியைக் கொடுக்க வேண்டுமாம். சித்தப்பன் கைக்குப் போனால் பிள்ளை உயிரோடு தங்கமாட்டான் என்று ஊருக்கே தெரியும்.

மந்திரி ஜஜ்ஜகர் வந்தார். "பட்டினியாவது ஒண்ணாவது, தாயே. இருட்டினா போகடர் வீட்டுலேர்ந்து சோறும் தாமரைத்தண்டுக் குழம்பும் வந்துடுது. கையும் பானையுமா பிடிச்சிடட்டுமா?"

"பிடிச்சா, விரதத்தைக் கெடுத்தவள்னு என்னைத்தான் ஏசுவாங்க. சாப்பிடட்டும், விடுங்க."

மறுநாள் வாசலுக்கே இறங்கி வந்தாள். ஊர் கூடிவிட்டது. போகடனும் நின்றிருந்தான்.

"பெரியவங்க சொன்னா சரிதான்," என்றாள் ஸில்லா. "இவங்கள்ல யாராவது ஒருத்தர் உயிர் போகட்டும், அன்னிக்கே விலகிக்கறேன். கொழுந்தனார் ஆளட்டும். ஒரே ஒருத்தர் போதும்."

போகடனுக்கு வாயெல்லாம் பல். அந்தச் சிரிப்பை ஏழு பேரும் பார்த்துவிட்டார்கள், பாவம்.

அன்றைக்கும் பானை வந்தது. குழம்பு கமகமத்தது.

"நீ முதல்ல சாப்பிடேன்."

"எனக்கென்ன அவசரம்? நீதான் இளைச்சுப்போயிட்டே."

"ஏன், நீ சாப்பிட்டா ஆகாதோ?"

பானை வந்தபடியே திரும்பிப் போனது. நிஜப் பட்டினி அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. அதைத் தாங்க அந்த உடம்புகளுக்குப் பழக்கம் ஏது? ஒருவருக்கு வயலில் வேலை வந்தது, ஒருவருக்கு மாமியார் ஊரில் கல்யாணம் வந்தது. கடைசியில் தலைவர் விப்பகர் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு ராணியிடம் வந்தார்.

"தாயே, விரதம் முடிஞ்சுது. அரண்மனைச் சோறு ஒரு பிடி கிடைக்குமா?"

அவளே பரிமாறினாள். அவர் சோற்றைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கை நீளவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க... நீங்க முதல்ல ஒரு வாய்..."

ஸில்லா ஒரு பிடி எடுத்துச் சாப்பிட்டாள்.

"நீங்க இப்பத்தான் கத்துக்கிட்டீங்க, சாமி. என் வீட்டுக்காரர் போனதிலேர்ந்து என் பிள்ளைக்கு இப்படித்தான் சோறு போடறேன்."

விப்பகர் பரபரவென்று தட்டை இழுத்தார். அவள் அவர் கையைத் தடுத்தாள்.

"உடனே தொடக்கூடாது. எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு தெரியறவரைக்கும் பொறுக்கணும். என் பிள்ளை பொறுப்பான்."