பின்னால் கட்டிய இரண்டு பெல்ட்

கட்டுகஸ்தோட்டையில், பழுதான கார் ஏற்றி இழுக்க என்று விலைக்கு நின்ற அந்த ஒற்றை அச்சு டிரெயிலரைப் பார்த்ததுமே வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டேன். துருவின் மேலேயே பச்சைப் பெயிண்டை அடித்து வைத்திருந்தார்கள். நகத்தால் சுரண்டினேன், பெயிண்ட் தோலாக உரிந்து உள்ளே இரும்பு பொலபொலவென்று உதிர்ந்தது. என் வீட்டுக்காரர் நிரோஷன் அதையும் தடவிக்கொடுத்துக்கொண்டு, தோட்டத்து ரோட்டில் இது லேசாகத் திரும்பும், விலையும் நம் கைக்குள் இருக்கிறது என்று ஆரம்பித்தார். காரை ஏற்றிக்கொண்டு ஹுன்னஸ்கிரிய வளைவில் இறங்கும்போது பிரேக் இல்லாத டிரெயிலர் பின்னாலிருந்து தள்ளினால் நீங்களும் லேசாகத்தான் போய்ச் சேருவீர்கள் என்றேன். விற்க நின்றவன் சிரித்தான். எனக்கு அவன் பல்லைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

திகனையில் டயர் கடை கவுண்டரில் பதினொரு வருடமாக நிற்கிறேன். அரைகுறையாக வேலை செய்கிற ஆம்பிளைகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்துப்போயிருந்தது. காரை நைலோன் கயிற்றால் கட்டி ஏற்றிக்கொண்டு வருவான், பம்பர் பிய்ந்து தொங்கும், கேட்டால் கடவுள் காப்பாற்றினார் என்பான். கயிறு வாங்கக் கஞ்சத்தனம், காப்பாற்ற மட்டும் கடவுளா? அதனால் தெரிவெல்லாம் என்னுடையதுதான். ரெட்டை அச்சு, தனியாகப் பிரேக், வழுக்காத தளம். மூன்று வாரம் அலைந்து பிடித்தோம். பெல்ட் வாங்கக் கண்டி டவுனில் மயில்வாகனம் ஐயாவின் கடைக்குப் போனோம். யாழ்ப்பாணத்து மனுஷன், அளந்துதான் பேசுவார். பாடியில் கட்டினால் கார் ஸ்பிரிங்கில் ஆடி ஆடி பெல்ட் தளரும், டயரையே சுற்றிக் கட்டவேணும், பின்னால் இரண்டையும் குறுக்காகப் போடவேணும் என்று மேசைமேல் ஒரு பொம்மைக் காரை வைத்துக் காட்டினார். நாலு பெல்ட், ஒவ்வொன்றிலும் இறுக்குகிற பல்சக்கரம், ரெச்சட். ஒவ்வொன்றையும் இழுத்து, பல்லில் கொக்கி டக் டக்கென்று விழுகிற சத்தத்தைக் கேட்க வைத்துத்தான் கொடுத்தார்.

இவ்வளவும் எதற்கு என்றால் ஹுதைபா நானாவுக்காக. கட்டுகஸ்தோட்டையில் பெரிய கராஜ் அவருடையது. மலைப்பக்கம் நின்றுபோகிற கார்களை எல்லாம் கொண்டுவர ஒரு ஆள் தேடிக்கொண்டிருந்தார். முதல் கார் ஒழுங்காக வந்தால் மற்றதெல்லாம் உனக்குத்தான் என்று நிரோஷனிடம் சொல்லியிருந்தார். அது கிடைத்தால் இவர் கொழும்புக்குப் போய் யாரோ ஒருத்தனின் லொறியில் தூங்கி எழும்புவது நிற்கும். மாதத்தில் நாலு நாள் மட்டும் புருஷனைப் பார்க்கிற பிழைப்பு எனக்கும் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

அந்த முதல் கார் ஆயுத பூசைக்கு மறுநாள் வந்தது. ஹுன்னஸ்கிரியவில் படிப்பிக்கிற ஸக்கியா டீச்சரின் கார், கியர் உடைந்து நின்றிருந்தது. டீச்சர் காருக்குள்ளேயே உட்கார்ந்து வருகிறேன், வழக்கமாக எல்லாரும் அப்படித்தானே என்றாராம். நிரோஷன் ஒரே பிடியாக மறுத்து, டிரெயிலரை இழுக்கிற டபுள்கெப்பில் தன் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார். மூன்றாவது வளைவில் பின்னால் கட்டியிருந்த பெல்ட் ஒன்று தளர்ந்து, காரின் பின்பக்கம் அப்படியே வெட்டி இறங்கியது. ஒரு சக்கரம் டிரெயிலருக்கு வெளியே பள்ளத்தின் பக்கம் தொங்கியது. பின்கதவு இருந்த இடம் நசுங்கிக் கிடந்தது.

ஹுதைபா நானா சத்தம் போடவில்லை. கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, கட்டத் தெரியாதவனை நம்பி நாலு பேர் உசிரை நான் விட ஏலாது என்று மட்டும் சொன்னார். பிழை என்னோடதுதான் என்று இவரும் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டார். எனக்கு வந்ததே ஆத்திரம். இப்படியும் ஒரு மண்ணு மாதிரி மனுஷனா! தளர்ந்த பெல்ட்டைப் பையில் திணித்துக்கொண்டு, இவரிடம் சொல்லாமல் பஸ் ஏறி மயில்வாகனம் ஐயாவின் கடைக்குப் போனேன்.

சேறு அப்பிய பெல்ட்டை அவர் மேசைமேல் வீசினேன். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நல்லதுதான், எல்லாரும் கேட்கட்டும் என்று கத்தினேன். மனுஷன் உசிரில் வியாபாரம் பண்ணுறீங்க, இந்த வயசில் இதெல்லாம் ஜீரணிக்குதா என்று கேட்டேன். அவர் அந்தச் சேற்றைத் துடைத்துக்கூடப் பார்க்கவில்லை. புதிதாக இரண்டு பெல்ட்டை எடுத்து வைத்தார். அது மட்டும் போதாது, ஹுதைபா நானாவுக்குப் போன் பண்ணுங்கள் என்று நின்றேன். பண்ணினார்.

"என்ர சாமானிலதான் பிழை, தம்பி. அந்தப் பெடியன் ஒழுங்காத்தான் கட்டியிருக்கிறான்."

அடுத்த கிழமையே வேலை வந்தது. மூன்று மாதத்தில் இருபத்திரண்டு கார், ஒரு கீறல் இல்லை. இவர் ஒவ்வொரு நாளும் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். நான் கெட்டிக்காரி என்று எனக்கே ஒரு நினைப்பு.

தைப்பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை தண்ணீர்த் தாங்கியைக் கட்ட ஒரு பெல்ட் தேடினேன். டீச்சரின் காருக்குப் பின்னால் கட்டியிருந்த பழைய சோடியில் மற்றது பெட்டிக்குள் கிடந்தது. இழுத்தால் கொக்கி பல்லில் உட்காரவில்லை. பாதி விழுகிறது, தட்டினால் நழுவுகிறது. வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பல்லுக்குப் பல் மஞ்சளாக, கல்லு மாதிரி இறுகி இருந்தது. நகத்தை விட்டுத் தோண்டி மோந்தேன். சந்தனம்.

ஆயுத பூசையன்று டிரெயிலருக்கும் பெல்ட்டுக்கும் பொட்டு வைத்தவள் நான்தான். முன் பெல்ட்டுக்கு அளவாகத்தான் வைத்தேன். முடிக்கிறபோது கிண்ணத்தில் சந்தனம் மிஞ்சியது. சாமிக்குக் கரைத்ததைக் கொட்டக்கூடாது என்று பின்னால் இரண்டு ரெச்சட்டிலும் வழித்து வழித்து அப்பினேன். குங்குமமும் வைத்துக் கும்பிட்டேன். இப்போது என் கையைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவினேன், மறுபடியும் கழுவினேன்.

இவர் சாப்பிட வந்தபோது ரெச்சட்டைத் தட்டின் பக்கத்தில் வைத்தேன். பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

"அன்னைக்கே ரோட்டுல பாத்தேன் ஜெயராணி."

"பாத்துட்டு ஏங்க சொல்லல?"

"இழுத்துப் பாக்காம கெளம்புனது நானு. ஒன்னைய எப்படிச் சொல்ல?"

சரி, என்னைச் சொல்லவில்லை. அந்தக் கிழவனை நான் பலி கொடுத்தது தெரிந்த பிறகாவது வாயைத் திறந்திருக்கலாமே என்று கேட்டேன். வேலை வந்துவிட்டதே என்றார். மெதுவாகத்தான் சொன்னார். இப்போது உண்மையைச் சொன்னால் ஹுதைபா நானா நம்மை விட்டுவிடுவார், மறுபடி கொழும்புதான் என்றார். அந்தச் சோற்றை அவர் தின்ற விதமும், அவருக்கு ரசம் ஊற்றின என் கையும், எனக்கு ஒன்றுமே சகிக்கவில்லை. ஆனாலும் ஊற்றினேன்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுக் கண்டிக்குப் போனேன். போகிற வழியில் இரண்டு தரம் இறங்கிவிடலாம் என்று பார்த்தேன். கடையில் ஆள் இல்லை. பெல்ட்டுகள் தொங்கின சுவர் வெறும் ஆணியாக இருந்தது. வாசல் மூலையில் ஒரு சாக்கு, வாய் கட்டாமல். உள்ளே அத்தனையும் அதே பெல்ட், பொலித்தீன்கூடப் பிரிக்காதது.

மயில்வாகனம் ஐயா என்னைக் கண்டதும் எழும்பினார். பயந்துதான் எழும்பினார், அது தெரிந்தது.

"அந்தச் சாமானை நான் இப்ப விக்கிறேல்லை, பிள்ளை. நீங்கள் சொன்னது சரி. ஆராவதின்ர உயிர் போயிருந்தா?"

சாமான் அனுப்பின கொழும்பு வியாபாரி சாக்கைத் திருப்பி எடுக்க மறுத்துவிட்டானாம். பழைய இரும்புக்குக்கூட ஆள் வரவில்லையாம். பேசிக்கொண்டே ஒரு கதிரையைத் தன் சட்டை நுனியால் துடைத்து என் பக்கம் போட்டார். நான் உட்காரவில்லை. பைக்குள் கையை விட்டு ரெச்சட்டை எடுத்தேன். அன்றைக்கு வீசிய அதே மேசைமேல் இன்றைக்கு மெல்ல வைத்தேன். மஞ்சள் தூள் கொஞ்சம் கொட்டியது. அவர் சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, போட்டுக்கொண்டு, குனிந்தார்.