கைராசி

இப்போதெல்லாம் ஆட்கள் தோட்டத்துக்கு வருவதே போட்டோ எடுக்கத்தான். திராட்சைக் குலையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். எடுத்து முடிந்ததும் அதைக் கீழே போட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போகிறார்கள். ஃபிரிஸ்கோ அனுமார் கோவிலில் கும்பிட்டுவிட்டு, நெற்றியில் செந்தூரத்தோடு நேராக இங்கே வந்து ஒயின் கேட்கிறவர்களும் உண்டு. என்னப்பா இது என்றால், “டேஸ்ட்தான் பண்றோம் அங்கிள்” என்பார்கள். ருசி பார்க்க எத்தனை கிளாஸ் வேண்டும்? படிக்காதவன், எனக்குத் தெரியாது.

என் மகன் செழியன் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, ஃபிரிஸ்கோவுக்கு வடக்கே காரில் ஒரு மணி நேரம் போகிற இந்த இடத்தில் நிலம் வாங்கித் திராட்சை போட்டான். பிழிவது, புட்டியில் அடைப்பது, விற்பது எல்லாம் அவனும் மருமகள் மீனாக்ஷியும்தான். எங்கள் ஊர் கம்பத்தில் நான் பார்த்ததெல்லாம் பந்தல் திராட்சை. இங்கே கம்பியில் கட்டி வரிசையாக நிறுத்தியிருந்ததைப் பார்த்து, இது நிற்காது என்றேன். நின்றது, காய்த்தது. நான் சொன்னது பொய்யானதில் எனக்கு வருத்தமில்லை.

இந்த வருஷம் சித்திரை முடிகிற சமயத்தில் தெற்கு ஓர வரிசைகளில் இலை கெட்டது. விரிய வேண்டிய இலை, மடித்த விசிறி மாதிரி நரம்பு நரம்பாகக் குறுகி நின்றது. நாற்று விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்றேன். அப்புறம், வருகிறவர்கள் கண்ட கையோடு தொட்டதால் என்றேன். இரண்டும் இல்லை. செழியன் இலையைப் படம் எடுத்து விவசாய ஆபீசுக்கு அனுப்பிக் கேட்டான். பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் அடித்த களைக்கொல்லி காற்றில் வந்திருக்கிறதாம். புல்லை விட்டுவிட்டு மற்ற செடியைக் கொல்கிற மருந்து. திராட்சைக்கு அதன் ஆவி பட்டாலே போதும். இன்னொரு தடவை பட்டால் கொடி பிழைப்பது கஷ்டம், பிடுங்கிப் போட வேண்டியதுதான் என்றார்களாம்.

பக்கத்து நிலம் க்ளைட்டுடையது. மாடு வளர்க்கிறவர், என் வயசு இருக்கும். முன்பு ஒரு தடவை, கொடி துளிர் விட்டிருந்தபோது உறைபனி இறங்கப்போகிறதென்று தெரிந்து, யாரும் கேட்காமலே தன் வைக்கோல் உருளைகளை டிராக்டரில் கொண்டுவந்து நாலு பக்கமும் புகை போட்டவர். இந்தச் சாலையில் இருக்கிற வெள்ளைக்காரர்களை, ஒயின் விற்கிற எங்கள் கொட்டகைக்குள் கூட்டிவந்ததும் அவர்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவருடைய சர்ச் ஆட்கள் வந்து உட்காருவதால்தான் எங்கள் வியாபாரம் ஓடுகிறது.

அவரிடம் சொல் என்று செழியனைப் பிடித்துக்கொண்டேன்.

“எப்படிப்பா சொல்றது? கம்ப்ளெயின்ட் பண்ணா க்ளைட் வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் போவார். அதோட இந்த ரோட்டுல ஒருத்தரும் நம்ம கேட்டைத் தாண்டி வர மாட்டாங்க.”

“கம்ப்ளெயின்ட் வேணாம்டா. வாயால சொல்லு.”

“வாயால சொன்னாலும் அதேதான். அடுத்த வருஷம் துளிர் நல்லா வந்துரும்ப்பா.” அதை அவன் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. மீனாக்ஷியும் இதற்காகச் சண்டை போட்டுப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனாள்.

நானே சொல்லலாமென்றால் எனக்கு இங்கிலீஷ் வராது. வேலிக்கு அந்தப் பக்கம் அவர் தொப்பியைத் தொடுவார், இந்தப் பக்கம் நான் கையைத் தூக்குவேன். எங்கள் பழக்கம் அவ்வளவுதான். ஒரு நாள் பொறுக்காமல் சுருங்கிய இலை ஒன்றைப் பறித்து வேலிக்கு மேலே நீட்டினேன். வாங்கினார், திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார். கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, அதைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் ஊர்ப் பக்கம் முதல் குலையைக் கைராசியான ஆளைக் கொண்டு வெட்டச் சொல்வார்கள். செழியன் அதை அறுவடை நாளில் பெரிய விசேஷமாகவே ஆக்கிவிட்டான். போன ஞாயிற்றுக்கிழமை பிளானோ, ஃபிரிஸ்கோ தமிழ்க் குடும்பங்களும் இந்தச் சாலை ஆட்களும் கூடியிருந்தார்கள். மீனாக்ஷி தாம்பாளத்தில் கத்தரியை வைத்துக் குங்குமமிட்டு என் கையில் கொடுத்தாள். வீட்டுக்கு மூத்தவன் எடுத்துக் கொடுக்க வேண்டும். செழியன் மைக்கில் என்னவோ பேசினான். கடைசியில் க்ளைட் பெயரைச் சொன்னான்.

“ஏன்டா, இவரா கைராசிக்காரரு?”

“எல்லாரும் பாக்குறாங்கப்பா. சிரிச்சுக்கிட்டே குடுங்க.”

கொடுத்தேன். சிரிக்கவில்லை. க்ளைட் வெட்டித் தூக்கிப் பிடித்த குலையில் பாதி கறுப்பு, பாதி பச்சைக் காய். மருந்து பட்ட கொடியில் குலை சேர்ந்து பழுக்காது. எல்லாரும் கைதட்டினார்கள். பிளானோவிலிருந்து வந்த ஷ்யாமளா என்கிற பெண், “ரெண்டு கலர்ல எவ்ளோ க்யூட்டா இருக்கு அங்கிள்” என்று படம் எடுத்தாள்.

க்ளைட் செழியனின் தோளில் கை போட்டு, வேலி ஓரத்தைக் காட்டி நிதானமாக ஏதோ சொன்னார். செழியன் தலையாட்டினான். அவன் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. என்னவென்று கேட்டேன்.

“நம்ம பக்கம் வேலியோரமா களை ஜாஸ்தியா இருக்காம். அடுத்த வாரம் அவர் மருந்தடிக்கிறப்போ நமக்கும் சேத்து அடிச்சுத் தரேங்கறார்.”

“நீ என்ன சொன்ன?”

“தேங்க்ஸ் சொன்னேன்.”

“டேய்.”

“இப்ப வேணாம்ப்பா. நாளைக்குப் பக்குவமா சொல்லிக்கிறேன்.”

பக்குவமாக. மூன்று மாசமாகச் சொல்லாதவன். நான் க்ளைட்டின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “நோ, நோ” என்றேன். எனக்குத் தெரிந்தது அதுதான். அவர் கண் கலங்கின மாதிரி இருந்தது. என் கையின் மேல் தன் இன்னொரு கையை வைத்து அழுத்தி மெதுவாக ஏதோ சொன்னார். சும்மா செய்து கொடுப்பதை வாங்கக் கூச்சப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டாராம். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குள் கூச்சமென்ன என்றாராம். செழியன் அதை எனக்குச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான். கூட்டம் இன்னொரு தடவை கைதட்டியது.

தாம்பாளத்தை மீனாக்ஷியிடம் கொடுத்துவிட்டுத் தெற்கு வரிசை வழியாக நடந்தேன். யாரோ போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். திரும்பவில்லை. வரிசை முடிகிற இடத்தில், ஒரு கொடியின் அடித்தூரில் புதுத் துளிர் விட்டிருந்தது. அதில் ஒரே ஓர் இலை, சுருக்கமில்லாமல், குழந்தை உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருந்தது. செழியன் பார்த்திருந்தால், பாத்தீங்களாப்பா என்றிருப்பான். குனிந்து பார்த்தேன். ஒன்றை வைத்து என்னத்தை நம்புவது? நிமிர்ந்து வீட்டுப் பக்கம் நடந்தேன். இலை, க்ளைட் வேலிப் பக்கமிருந்து வந்த காற்றில் எங்கள் பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது.