தம்பியின் ஏழு மணி போன்

காலை ஏழு மணியானால் அப்பா தன் பேச்சைக் கேட்பதில்லை என்பதைப் பிரின்ஸி முதலில் கவனித்தது கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில். தட்டில் இட்லியை வைத்துவிட்டு, தன் வீட்டுக்காரரின் முதுகுவலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா கையைத் தூக்கினார்.

“செத்த இரு பாப்பா, தம்பி போன் வரும்.”

சொல்லி வாய் மூடவில்லை, ஜன்னலோரம் சார்ஜில் கிடந்த பட்டன் போன் அடித்தது. அதை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்தபோது முகம் மலர்ந்து கிடந்தது. முதுகுவலி என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவே இல்லை.

குழந்தைராஜுக்கு எழுபத்தாறு வயது. பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து, முப்பத்து நாலு வருஷம் வாய்க்கால் மதகுகளின் ஷட்டரை ஏற்றி இறக்கி ஓய்வுபெற்றவர். பூதலூருக்கு அந்தப் பக்கம், கல்லணைக் கால்வாய்க் கரையை ஒட்டிய ஊரில், மனைவி போன பிறகு ஆறு வருஷமாகத் தனியாக இருந்தார். தஞ்சாவூருக்கு வந்துவிடச் சொன்னால், “அங்க வந்து என்ன பண்றது? லிப்ட்டைத் திறந்து மூடவா?” என்பார்.

மகன் கிளாட்சன் மெல்போர்னில் இருந்தான். மகள் பிரின்ஸி தஞ்சாவூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் லேப் டெக்னீஷியன். வாரத்தில் நாலு நாள் விடிந்தும் விடியாமலும் ஸ்கூட்டியை எடுப்பாள். இருபது கிலோமீட்டர் வந்து, சாப்பாடு வைத்து, சர்க்கரை பார்த்து, மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் போட்டுவிட்டு, ஒன்பது மணிக்கு வேலையில் நிற்பாள். இதையெல்லாம் அவள் பெரிதாக நினைத்ததில்லை. அந்த ஏழு மணி போன் வந்த பிறகுதான் நினைக்க ஆரம்பித்தாள்.

எதிர்வீட்டுத் துரைக்கண்ணு ஒரு நாள் அவளை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“உன் தம்பி மாதிரி புள்ள எந்த வீட்ல இருக்கு ஆயி? தினம் ஏழு மணிக்கு டாண்ணு கூப்பிட்டு அப்பனை விசாரிக்கிறான். கடல் தாண்டிப் போயும் மறக்கல பாரு!”

ஒரு கையில் கேரியர், மறு கையில் மாத்திரைப் பை, தலையில் இன்னும் கழற்றாத ஹெல்மெட். “ஆமா மாமா” என்றாள். வயிறு எரிந்தது.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவனுக்கு எஞ்சினியரிங், அவளுக்கு இரண்டு வருஷ டிப்ளமோ. அம்மா படுக்கையில் கிடந்த ஐந்து மாதமும் துணி மாற்றிவிட்டவள் இவள். ஆனால் அம்மா கடைசியாகக் கேட்டது, “கிளாட்சன் வந்துட்டானா?” என்றுதான். அவன் அடக்கம் முடிந்த மறுநாள்தான் வந்து சேர்ந்தான். கல்லறை மண்ணில் விழுந்து அவன் அழுத அழுகையை ஊர் இன்னும் பேசுகிறது. ஐந்து மாதத்தை யாரும் பேசவில்லை.

அவளோடு அவன் பேசி நாலு மாதம் இருக்கும். அப்பா சாப்பிடுவதை, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருந்தாள். ஒன்றுக்கும் பதில் வராது. அப்பாவுக்கு மட்டும் தினமும் நேரம் கிடைக்கிறதே என்று ஸ்கூட்டியில் போகும்போதெல்லாம் மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே போவாள்.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவளால் பொறுக்க முடியவில்லை. அப்பா போனோடு உள்ளே போனதும் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றாள். காது மந்தமானதால் அவர் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

“அப்பா, கிளாட்சன் பேசுறேன். நல்லா இருக்கீங்களா? நல்லா இருந்தா ஒண்ணை அழுத்துங்க. உதவி ஏதும் வேணும்னா ரெண்டை அழுத்துங்க.”

அப்பா போனைக் கண்ணருகே கொண்டுபோய் ஒன்றை அழுத்தினார். “சந்தோஷம்ப்பா, நாளைக்குப் பேசுவோம்” என்று சொல்லிவிட்டு அது அடங்கிப்போனது.

திங்கட்கிழமையும் நின்று கேட்டாள். அதே வார்த்தைகள், அதே இடத்தில் அதே செருமல். மெஷின்! தம்பி ஒரு தடவை பேசிப் பதிந்து வைத்திருக்கிறான். ஏதோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் தினமும் அதைப் போட்டுக் காட்டுகிறது. வல்லம் தாண்டும் வரைக்கும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இவ்வளவு சந்தோஷமாக அவள் வேலைக்குப் போய் வெகுநாள் ஆகியிருந்தது.

புதன்கிழமை அப்பாவிடம் போட்டு உடைத்தாள்.

“அப்பா, அது தம்பி இல்லப்பா. ரெக்கார்டு பண்ணி வச்ச குரல். மெஷின் கூப்பிடுது.”

அப்பா சட்னியைத் தொட்டு இட்லியை வாயில் போட்டுக்கொண்டார். “தெரியும்.”

“தெரியுமா?”

“முத நாளே தெரியும். நான் என்ன கேட்டாலும் அது ஒண்ணை அழுத்து ரெண்டை அழுத்துன்னா, மெஷின்னு தெரியாதா?”

“அப்புறம் ஏன் தம்பி பேசுறான், தம்பி பேசுறான்னு ஊரெல்லாம் சொல்றீங்க?”

அவர் தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார். “நீ வர்றதை ஊரே பார்க்குது. அதை நான் வேற சொல்லணுமா? வராதவனுக்குத்தானே நான் பேச வேண்டியிருக்கு.”

அவர் ஏமாந்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தெரிந்தே அந்தக் குரலுக்காகக் கைகாட்டித் தன்னை நிறுத்துகிறார் என்பதுதான் தாங்கவில்லை. அன்று மத்தியானம் கிளாட்சனைக் கூப்பிட்டாள். அவன் எடுக்கவில்லை, ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. அப்பா எதையும் அழுத்தாவிட்டாலும் ரெண்டை அழுத்தினாலும் எனக்கும் உன் நம்பருக்கும் தகவல் வரும் அக்கா, நீதானே பக்கத்தில் இருக்கிறாய் என்று. தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் தன்னையும் அந்த மெஷினுக்கு வேலையாளாக எழுதி வைத்திருக்கிறான் என்று அவளுக்கு ரத்தம் கொதித்தது.

ஜூன் மாதம் நடுவில் அது நடந்தது.

அன்று அவள் போனபோது வீடு திறந்து கிடந்தது. அப்பா இல்லை. முந்தின நாள்தான் கல்லணையைத் திறந்திருந்தார்கள். கால்வாயில் புதுத்தண்ணீர் வருகிறதென்றால் அவருக்கு வீட்டில் கால் தரிக்காது. கரைக்குப் போயிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். கேரியரை இறக்கி வைத்தாள். ஜன்னலோரம் போன் அடித்தது. பேட்டரி நிற்காத போன், சார்ஜிலிருந்து எடுத்தால் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும் என்று அதை விட்டுவிட்டுப் போயிருந்தார்.

எடுத்தாள்.

“அப்பா, கிளாட்சன் பேசுறேன். நல்லா இருக்கீங்களா?”

ஒன்றை அழுத்தியிருக்கலாம். சும்மா வைத்திருக்கலாம். உண்மையிலேயே அப்பாவுக்கு ஒன்று என்றால் இவன் என்ன செய்வான், பார்த்துவிடுவோமே என்று தோன்றியது. தோன்றிய அந்த நொடியிலேயே விரல் ரெண்டை அழுத்திவிட்டது.

அடுத்த நிமிஷம் அவள் கைப்பையில் அவளுடைய போன் அடித்தது. ஒரு பெண்குரல், அதுவும் பதிவுதான்: “குழந்தைராஜ் அவர்கள் உதவி கேட்டிருக்கிறார். உடனே அவரைப் பாருங்கள்.” அதை அணைத்ததும் மெல்போர்னிலிருந்து கிளாட்சன்.

“அக்கா! எங்க இருக்க? அப்பாவுக்கு என்ன?”

“நான் வீட்லதான்டா இருக்கேன்...”

“அப்பா எங்க?”

“அப்பா இங்க இல்ல.”

உண்மையைத்தான் சொன்னாள். ஆனால் அது போய்ச் சேர்ந்த விதம் வேறு. அந்தப் பக்கமிருந்து “இல்லன்னா? அக்கா, இல்லன்னா என்ன அர்த்தம்?” என்று ஒரு குரல் வந்தது. அப்படி ஒரு குரலை அவள் தம்பியிடம் சிறுவனாக இருந்தபோதுகூடக் கேட்டதில்லை. “துரைக்கண்ணு மாமாவுக்கு அடிச்சிட்டேன். ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொல்லிட்டேன். அம்மா மாதிரி ஆயிடுச்சா அக்கா? இந்தத் தடவையும் நான் இல்லாமப் போயிட்டேனா?”

இல்லைடா, நான்தான் அழுத்தினேன் என்று சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. தெருவில் அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். துரைக்கண்ணு சட்டைகூடப் போடாமல் கரைப்பக்கம் ஓடினார். பத்து நிமிஷத்தில் அப்பா வந்தார். முழங்கால் வரைக்கும் வேட்டி நனைந்திருந்தது. முகத்தில் புதுத்தண்ணீர் பார்த்த களை. வாசலில் கூட்டத்தைப் பார்த்து நின்றார். அவளுடைய கையில் தன் போன் இருப்பதைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், அவருக்கு விளங்கிவிட்டது.

அவளுடைய போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

“தம்பி, நான்தான்டா. எனக்கு ஒண்ணுமில்ல. கண்ணு சரியாத் தெரியல, நம்பரை மாத்தி அழுத்திட்டுத் தண்ணி பார்க்கப் போயிட்டேன். அழுவாதடா... அழுவாத. இதோ பேசுறேன்ல?”

கூட்டத்துக்கும் அதையே சொன்னார். வந்த ஆம்புலன்ஸ்காரரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பினார். எல்லாரும் கலைந்த பிறகு உட்கார்ந்து, ஆறிப்போன இட்லியைச் சாப்பிட ஆரம்பித்தார். அவள் சுவரோரம் நின்றாள்.

“கோவம்னா என்கிட்ட காட்டு பாப்பா” என்றார் தலை தூக்காமல். “அவ்வளவு தூரத்துல இருக்கிறவனை ஏன் பதற வைக்கிற?”

இப்போதும் அவனுக்காகத்தான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“அவன் குரலுக்குக் காத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்களே, என்னைக்காவது எனக்குக் காத்திருந்திருக்கீங்களாப்பா?”

அப்பா யோசித்தார். சமாளிக்கிறவர் இல்லை அவர்.

“இல்ல. நீ வந்துடுவேன்னு எனக்குத் தெரியும்ல.”

“எனக்கும் ஒருத்தர் காத்திருக்கணும்னு இருக்காதா?”

அவள் மாத்திரை டப்பாவை நிரப்பி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அன்று சென்டரில் ஒருவரின் பெயர்ச்சீட்டை இன்னொருவரின் ரத்த சாம்பிள் குழாயில் ஒட்டப் பார்த்தாள். நல்லவேளை, ஒட்டுவதற்கு முன் கவனித்துவிட்டாள். மூன்று மணிக்கு வண்டி நிறுத்துமிடத்துக்குப் போய்க் கிளாட்சனைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

“அப்பா அழுத்தலடா. நான்தான் அழுத்தினேன்.”

“ஏன்க்கா?”

“பொறாமை” என்றாள். அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை. “மெஷின் வச்சுக் கூப்பிடுற உன்னைத் தலையில தூக்கி வச்சு ஆடுறாங்க. எனக்குப் பொறுக்கல.”

அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் திட்டவில்லை, மெதுவாகச் சொன்னான்.

“நேரா பேசினா அப்பா, ‘எப்படா வருவ’ன்னு கேப்பாருக்கா. எனக்குப் பதில் கிடையாது. அதான் மெஷின். அவர் ஒண்ணை அழுத்தினா எனக்கு இங்க ஒரு டிக் வரும். அது வந்த பிறகுதான் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பேன். நீ போட்டோ அனுப்புவல்ல, அப்பா பக்கத்துல உக்காந்துக்கிட்டு? பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். பிப்ரவரியிலேயே உன்னை மியூட்ல போட்டுட்டேன்.”

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், மறைப்பதற்கில்லை. பெரிய சம்பளம், பெரிய வீடு, அவனுக்கும் அவள்மேல் எரிகிறது! அதன் பிறகுதான், நாலு மாதமாக அவள் அனுப்பிய அத்தனை படங்களும் திறக்கப்படாமல் கிடப்பது உறைத்தது.

“மியூட்டை எடுத்துத் தொலைடா” என்றாள். “ஞாயித்துக்கிழமை நீயே பேசு. எப்ப வருவேன்னு கேட்டா, தெரியலன்னு சொல்லு. அவர் ஒண்ணும் அடிக்க மாட்டார்.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவன் பேசினான். அப்பாவோடு இருபது நிமிஷம். தண்ணீர் எந்த மதகு வரை வந்திருக்கிறது என்பதே பாதி நேரம். எப்போது வருவாய் என்று அப்பா கேட்கத்தான் செய்தார். தெரியலப்பா என்று அவன் சொன்னது பக்கத்தில் இருந்த பிரின்ஸிக்கும் கேட்டது. “சரி, தெரியும்போது சொல்லு” என்று சொல்லி அப்பா போனை அவளிடம் நீட்டினார். மெஷின் அழைப்பு நின்றுவிடவில்லை. மற்ற நாட்களில் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

ஆடி பிறந்த பிறகு ஒரு நாள் வழியில் ரயில்வே கேட் மூடிக்கிடந்து அவளுக்குத் தாமதமாகிவிட்டது. ஊருக்குள் திரும்பும் பாலத்தடியில் அப்பா நின்றிருந்தார். வெயில்கூட ஏறாத நேரத்தில் நெற்றியில் கைவைத்துத் தஞ்சாவூர்ச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தினாள்.

“என்னப்பா இங்க?”

“நேரமாச்சே, உன்னைக் காணலயேன்னு பார்த்தேன்.”

அவள் கேரியரை முன்னால் நகர்த்தி வைத்து, “ஏறுங்க” என்றாள். அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பியதும் காதருகில் குனிந்து சொன்னார்.

“சீக்கிரம் ஓட்டு பாப்பா. ஏழாவப் போவுது, தம்பி போன் வந்துடும்.”

சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. தோளில் அவருடைய பிடி இறுகியிருந்தது. அவள் கொஞ்சம் வேகமாகவே ஓட்டினாள்.