சீர்த்தட்டில் வந்த லேப்டாப்

கல்யாணத்துக்குப் பீரோ வேண்டாம், கட்டில் வேண்டாம், ஒரு லேப்டாப் போதும் என்று தமிழினி சொன்னபோது சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். டிப்ளமோ முடித்து, போர்வெல் ரிக் வண்டிகளுக்குப் படம் வரையக் கற்றவளுக்குக் கட்டில் எதற்கு? அண்ணன் தனபாலுக்கு மல்லசமுத்திரத்தில் கம்ப்யூட்டர் கடையே இருந்தது. அங்கே போய் அவளே பார்த்து எடுத்தாள். கணக்குப் போடுவதும் படம் காட்டுவதும் ஒரே சிப்பில் இருக்கிற வகை. அதிலும் எவ்வளவு கனமான படத்தையும் தாங்குகிற பெரிய சிப்பு. "இதுதாண்ணா வேணும்" என்று சொல்லி, நல்ல நாளாயிற்றே என்று அடிப்பக்கத்தில் ஒரு மஞ்சள் பொட்டும் வைத்துவிட்டு வந்தாள்.

தேங்காய் பழத்தோடு சீர்த்தட்டில் வந்த லேப்டாப்பின் மூடியில் சந்தனம் வைத்திருந்தது. திறந்தால் பெரிய சிப்பின் ஸ்டிக்கர் பளபளத்தது. கூடப்பிறந்தவன் வைத்த சீரைத் திருப்பிப் போட்டுச் சோதிக்கிற வழக்கம் அந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் கிடையாது. தமிழினியும் சோதிக்கவில்லை. படித்த புத்தி அன்றைக்கு எங்கே மேயப் போயிருந்ததோ!

மூன்றாம் மாதம் திருச்செங்கோட்டில் ரிக் பாடி கட்டும் பட்டறை ஒன்று அவளை அழைத்தது. ஒரு வண்டியின் முழுப் படத்தையும் வரைந்து, திரையில் சுற்றிக் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் வீட்டிலிருந்தே நிரந்தர வேலை. படம் பாதி வளர்ந்ததும் லேப்டாப் திணற ஆரம்பித்தது. அண்ணனைப் போனில் கேட்டாள்.

"மிஷின்ல ஒண்ணுமில்ல அம்மிணி. நீ வரைஞ்சதுதான் கனம். தேவையில்லாததக் கழட்டி உடு."

அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஒரு வாரம் உட்கார்ந்து, தான் வரைந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தானே அழித்தாள். குழாய்களை, இணைப்புப் பின்களை அழித்தாள். மனசு கேட்கவில்லை, ஆனாலும் அழித்தாள்.

பட்டறையில் படம் அரைச் சுற்றுச் சுற்றி அப்படியே நின்றுவிட்டது. முதலாளி குனிந்து பார்த்தார். "ஏனுங்க அம்மிணி, துளை போடற மாஸ்ட் கோபுரத்தத் தாங்கற இணைப்புப் பின்னையே காணோமுங்க? தூக்கி நிறுத்துனா ஆளு மேல உழுந்துருமே!"

அங்கே வேலை பார்க்கும் அறிவுமதி லேப்டாப்பை வாங்கி, உள்ளே என்ன சிப்பு என்று பார்த்தாள். "அக்கா, இது டேப்லட்டுல போடற சின்னச் சிப்புங்க. ஸ்டிக்கரு வேற மிஷினோடது. ஆரோ ஒட்டியிருக்கறாங்க." வேலை இல்லை என்று முதலாளி பக்குவமாகச் சொல்லி அனுப்பினார்.

அவள் பஸ் ஏறி நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணியின் தம்பி சபரிநாதன் சோபாவில் படுத்து, லேப்டாப்பில் கார் ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் மூடிக் கவிழ்த்து வைத்தான். அடிப்பக்கத்தில், ரப்பர் காலோரம், மஞ்சள் கறை.

"ஏனுங்ண்ணா, இது நான் எடுத்ததுதானுங்களே?"

தனபால் மழுப்பக்கூட இல்லை. "அவன் காலேஜ் சேர்றப்ப உங்கண்ணி கேட்டுட்டா. நீ கட்டிக் குடுத்த புள்ள, படம் பாக்கறதுக்கு அது போதாதா? சீருல கொறை சொல்லலாமா கண்ணு?"

ஸ்டிக்கரை ஒட்டியது அந்தக் கைதான். மிஷினில் ஒன்றுமில்லை என்று போனில் சொன்னது அந்த வாய்தான். வேலை போனதைவிட, அவனை நம்பித் தன் கையாலேயே போல்ட்டுகளை அழித்ததுதான் தமிழினிக்கு ஆறவில்லை.

சமையலறைக்குப் போய் ஒரு தட்டை எடுத்து வந்தாள். தன் பையிலிருந்த லேப்டாப்பை அதில் வைத்து அண்ணன் முன்னால் நீட்டினாள். சீரைத் திருப்பிக் கொடுத்தால் பிறந்த வீட்டு உறவு அற்றுப்போனதாக அர்த்தம். அது தெரிந்துதான் தனபால் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"புடிங்கண்ணா. கனமே இல்ல" என்றாள் தமிழினி. "நீங்க சொன்ன மாதிரி எல்லாத்தையும் கழட்டிட்டேன்."