நீல விளக்கும் வெளுத்துப்போன தட்டும்

நீல விளக்கைக் கீழே போட்டு உடைத்தது நம்மவர்தான். தானாக விழுந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் அதை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு அவர் பாடியதைச் சோதனைக்கூடமே பார்த்திருந்தது.

பல் குழியை அடைக்கும் பசை, நீல ஒளி பட்டால்தான் இறுகும். அந்தப் பசை வாய்க்குள் நஞ்சாகுமா என்று பார்ப்பது நம்மவர் வேலை. இறுகிய பசையை ஊட்டத் திரவத்தில் ஊறவைத்து, அந்தத் திரவத்தைத் தட்டில் வளர்த்த ஈறு செல்களுக்கு ஊற்றுவார். பிறகு சாயம் விட்டால் உயிருள்ள செல்கள் ஊதாவாகும். செத்தவை வெளுத்துக் கிடக்கும்.

பல் டாக்டரான அவர் மனைவிக்கு இது வேடிக்கை. "எங்க வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரியாததுக்கெல்லாம் சோறு ஊட்டுறார்" என்பார்.

"நெஜமா சொல்லு, என் வேலையைப் பத்தி என்ன நினைக்கிற?"

"வரும்போது பால் வாங்கிட்டு வாங்க."

பல வருஷமாக இதுதான் பதில்.

உடைந்த விளக்கு பழுதுபார்க்கப் போனதால், மனைவியின் கிளினிக் விளக்கை இரவல் வாங்கி வேலையை முடித்தார். மறுநாள் தட்டு வெள்ளை வெளேரென்று இருந்தது. செல்கள் பூண்டோடு போயிருந்தன.

"புதுப் பசை மோசம்னு எழுதிடலாமா?" என்றார் மேலதிகாரி அம்மாள்.

"ஒப்பிட வெச்ச பழைய பசையும் கொன்னிருக்கு மேடம். அது எத்தனையோ தடவை தேறினது."

"அப்ப தப்பு உங்க கையிலயா?"

"வழக்கமா அங்கதான் இருக்கும். இன்னொரு தடவை பார்த்துடறேன்."

பழுது நீங்கி வந்த விளக்கில் இறுக்கினார்: இரண்டு பசையிலும் தட்டு ஊதாவாகப் பூத்தது. மனைவியின் விளக்கில் இறுக்கினார்: மறுபடியும் சாவு வீடு. பசை அரைகுறையாக இறுகி, உள்ளிருந்த நஞ்சு கசிந்திருக்கிறது. அந்த விளக்கை நம்பி எத்தனை வாய்கள்!

இரண்டு தட்டுகளையும் கொண்டுபோய் மனைவியின் மேஜையில் வைத்தார்.

"என் விளக்குக்கு என்ன குறை? பளிச்சுனு எரியுதே!"

"நம்ம கண்ணுக்குப் பளிச்சுனுதான் இருக்கு. பசைக்குப் பத்தல."

மனைவி வாதாடவில்லை. ஒளியை அளக்கும் மீட்டரை வரவழைத்து வைத்துப் பார்த்தார். முள் பாதிகூட ஏறவில்லை. முகம் சுருங்கிப்போயிற்று. எடுத்து வைத்திருந்த கிண்டலையெல்லாம் நம்மவர் அப்படியே விழுங்கிக்கொண்டார்.

"எல்லாரையும் திரும்பக் கூப்பிடணும்" என்று மனைவி போனை எடுத்தார்.

"பேர் கெட்டுடாதா?"

"கெட்டா கெடட்டும். யார் வாயும் கெடக்கூடாது."

புது விளக்கு வந்தது. கிளினிக் வாசலில் கூட்டம் நெரிந்தது. வரிசையில் நம்மவரும் இருந்தார். அவருடைய கடைவாய்ப் பல்லும் அந்த விளக்கின் கைங்கரியம்தான். உள்ளே ஒரு பஸ் டிரைவரின் குரல் ஓங்கியது.

"இதை யாரும்மா கண்டுபிடிச்சது?"

"எங்க வீட்டுக்காரர்."

"அவருக்கு என்ன வேலை?"

நம்மவர் காதைத் தீட்டிக்கொண்டார். பாழாய்ப்போன கதவு சாத்திக்கொண்டது.

அவர் முறை வந்தது. நாற்காலியில் சாய்ந்ததும், கேள்வியை எடுப்பதற்குள் மனைவி கன்னத்தில் பஞ்சை அடைத்துவிட்டார். ஆனாலும் விடுவாரா? கையைப் பிடித்துக்கொண்டு, "எ வேஐ எப்பி?" என்றார்.

மனைவி புது விளக்கைக் கீழே வைத்தார். முகக்கவசத்தை இறக்கினார். பால் பேச்சு வரவில்லை.

"உங்க வேலை இல்லன்னா நான் இத்தனை பேருக்கும் கெடுதல் பண்ணிட்டே இருந்திருப்பேன். எனக்கு ரொம்பப் பெருமையா இருக்குங்க."